டிரைவர் ஆசனம் யார் பொறுப்பு?

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



காட்டு மரமும் செம்பனைக் குலையும் சுமக்கும் பழைய பட்டாள லோரிகள் நம் நாட்டில் இன்றும் ஓடுகின்றன. மரக் காடுகளில் இவற்றுக்குச் ‘சான் தாய் வோங்’ என்று பெயர். சீனத்தில் மலை ராஜா என்று பொருள். லோரி ராஜாதான், ஓட்டுகிறவனுக்குச் சிம்மாசனம் எங்கே? கிழிந்த மெத்தையும் மடித்துப் போட்ட சாக்கும்தானே!

மாற்றித் தரக் கேட்டால், பழைய கார் ஆசனம் ஒன்றைப் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். இதை நாம் ஏற்கலாகாது. உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பு, வினாடிக்குச் சுமார் 4 முதல் 6 தடவை எழும் குலுக்கலில்தான் அதிகம் ஆடுகிறது. வெறும் மெத்தை அதைத் தணிக்காது. பல சமயம் கூட்டிவிடும். வருஷக் கணக்கில் மண் ரோட்டில் ஓட்டியவருக்கு வரும் இடுப்பு வலி தலைவிதியல்ல.

ஆகவே, ஸ்பிரிங் அல்லது காற்றுப் பை தாங்கும் ஆசனம் வேண்டும். வாங்குமுன் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உயரம். இவ்வகை ஆசனம் ஏறி இறங்கும். உயரமான டிரைவரை உட்கார வைத்து, தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். முதுகு சாய்ந்தபடியே கிளட்சை முழுதும் மிதிக்க முடிய வேண்டும்.

இரண்டாவது, காற்றும் மின்சாரமும். பிரேக் காற்றிலிருந்து குழாய் எடுத்தால், ஆசனக் குழாய் கிழிந்தாலும் பிரேக் காற்று வடியாதபடி காப்பு வால்வு அவசியம். காற்று இல்லாத லோரிக்கு ஸ்பிரிங் ஆசனமே உத்தமம். பட்டாள லோரிகள் பலவற்றில் 24 வோல்ட் மின்சாரம். 12 வோல்ட் மோட்டாரை நேரே இணைத்தால் கருகும்.

மூன்றாவது, எடை. 55 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே இறுக்கம் ஆகாது. ஆளுக்கு ஏற்பத் திருகி வைக்கும் பிடி இருக்க வேண்டும்.

நான்காவது, பிடிமானம். துரு தின்ற தகட்டில் போல்ட் நில்லாது. அடியில் கனத்த இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும். ஆசனம் ஆடும்போது பெல்ட்டும் உடன் ஆட வேண்டும்.

பால்வெட்டும் தோழர்களே, இது நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கைக்குப் பொருந்தாத கத்தியால் மரமும் கெடும், கையும் கெடும் என்பது உங்களுக்குத் தெரியும். டிரைவருக்கு ஆசனமும் அப்படித்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. வேலைக் கருவிகளை இயன்றவரை ஆபத்தின்றி வைத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே. அந்தக் குழுவில் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வையுங்கள்.

கிராணிமார்களே, ஆர்டர் எழுதும் பேனா உங்கள் கையில். ‘ஆசனம் ஒன்று’ என்று மட்டும் எழுதாதீர்கள். மேற்சொன்ன நான்கையும் எழுதுங்கள். டிரைவர் உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே பில் போகட்டும்.

ஆசனத்தின் விலையை நிர்வாகம் ஒரு தடவை கட்டும். ஒடிந்த இடுப்பின் விலையை ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் கட்டும். ஒன்றுபட்டுக் கேட்போம், பெறுவோம்!