தன் வரலாறும் நினைவுக் குறிப்பும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் எனக்கும் இம்மேடையில் இடமளித்த சங்கத்தாருக்கு நன்றி.

வாழ்க்கையை எழுதும் முறைகளுள் இரண்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். பிறப்பு, பெற்றோர், கல்வி, தொழில் என்று ஒருவர் தம் வாழ்வைத் தொடக்கமுதல் வரிசையாகக் கூறுவது தன் வரலாறு. தாம் கண்ட ஒரு காலத்தையோ பழகிய ஒரு மனிதரையோ மட்டும் எடுத்துரைப்பது நினைவுக் குறிப்பு. முன்னதில் எழுதுபவரே நடுநாயகம். பின்னதில் அவர் பெரும்பாலும் சாட்சி.

1855இல் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். 1942இல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறவில்லை, 1950இல் நூலாயிற்று. பிறந்த குடும்பத்தில் தொடங்கிப் படிப்படியாக வளரும் அது தன் வரலாறு. 1954இல் வெளிவந்த யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' வேறு வகை. புதுவையில் சிறுமியாக இருந்தபோது தாம் கண்ட பாரதியாரை அவர் அதில் காட்டுகிறார். தம் முழு வாழ்வையும் கூற அவர் முற்படவில்லை. ஆயினும் அவர் எழுதியிராவிடில் அந்தக் காட்சிகள் நமக்குக் கிட்டியிரா.

இதனை நான் எண்ணக் காரணம் உண்டு. "தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார்?" என்று என் மகன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தந்தையார் இருந்த நாளில் நான் கேட்கவில்லை, பிழை என்னுடையதே. அவருடைய வரலாறு அவரோடு போயிற்று. எனக்குத் தெரிந்தது ஒன்று: வேலையில்லாத நாளிலும் சென்னை வண்டி வரும் நேரத்தில் நிலையத்திற்குச் செல்வார்; இறங்குவோர் பேசும் தமிழைச் சற்றுநேரம் கேட்டுவிட்டுத் திரும்புவார். அதை இப்போது எழுதி வைத்திருக்கிறேன். அரைப் பக்கந்தான் வந்தது.

அன்பர்களே, நினைவு தவறக்கூடியது. ஆகவே கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். பெரியோர் எழுத இயலாவிடில் அவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். புகழ்பெற்றவர்களுக்கே வரலாறு என்பதில்லை. வீட்டில் முதியோர் இருப்போர் இன்றிரவே கேட்டுத் தொடங்குங்கள்.