வேட்டையும் வேடந்தாங்கலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"விலங்கியல் படிச்சவன் நீ, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். காட்டு உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிற எண்ணம் நம் நாட்டில் எப்படி ஆரம்பமாச்சு?

ஆச்சரியமாக இருக்கும், பாதி ஆரம்பம் துப்பாக்கியிலிருந்துதான். பைனாகுலர் கொண்டு பறவை பார்க்கிற பழக்கம் வராத காலம் அது. ஒரு பறவை என்ன இனம் என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் சுட்டு, பாடம் செய்து, கையில் வைத்துப் பார்க்க வேண்டும். 1885ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்த ஏ.ஓ. ஹியூம் இருக்கிறாரே, அவர் 1872ல் இந்தியப் பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியவர். அவர் சேர்த்த பறவைத் தோல்களும் முட்டைகளும் பல்லாயிரம். அவற்றில் பெரும்பகுதி லண்டன் மியூசியத்துக்குப் போயின. நம்ம சாலிம் அலியும் அப்படித்தான். 1908ல் சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு. என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே மில்லார்டு என்பவர் அலமாரி அலமாரியாகப் பறவைகளைத் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியப் பறவையியலின் தந்தை.

வேட்டைக்காரர்கள் சட்டமும் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் வரையாடும் கடமானும் குறைந்துபோனதைப் பார்த்து 1877ல் துரைமார்கள் சங்கம் வைத்தார்கள். 1879ல் சட்டம் வந்தது. இன்ன மாதத்தில் சுடக்கூடாது, லைசென்ஸ் இல்லாமல் சுடக்கூடாது என்று. நல்லதுதான். ஆனால் எதற்காக? அடுத்த வருஷமும் சுட மிருகம் வேணுமே!

இப்போது நம்ம பக்கத்துக்கு வருகிறேன். நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் மதுராந்தகம் தாண்டும்போது வேடந்தாங்கல் பலகையைப் பார்த்திருப்பீர்கள். வேடர்கள் இருந்த ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அந்த ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1790களில், லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, "இங்கே யாரும் சுடக்கூடாது" என்று கவுல் வாங்கினார்கள். 1858ல் மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க, நீலகிரிச் சட்டத்துக்கு எண்பது வருஷம் முந்தி!

அவர்கள் அறிவியல் படிக்கவில்லை. வயலைப் படித்திருந்தார்கள். நாரையும் கூழைக்கடாவும் சுற்றுப்பட்டு ஏரிகளில் மீன் தின்றுவிட்டு வந்து, இங்கே நீரில் நிற்கிற கடப்ப மரங்களில் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்குத் தனியாக எரு போட வேண்டியதில்லை. துரை காத்தது வேட்டைக்காக. ஊரார் காத்தது சோற்றுக்காக. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதுவும் அந்த வழி வந்ததுதான்.

1972ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவசியமான சட்டம். ஆனால் அதன் பாரம் யார் தலையில் அதிகம் விழுந்தது? பொழுதுபோக்குக்குச் சுட்டவர்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கண்ணி வைத்துப் பிழைத்த நரிக்குறவர்களுக்கோ தொழிலே குற்றமாகிப் போனது. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023ல்தான். பறவையின் குரலைக் கேட்டே பெயர் சொல்லக் கூடியவர்களை நாம் ஊசி மணி விற்பவர்களாக மட்டுமே பார்த்தோம்.

சட்டம் இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2020ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் சுற்றளவைச் சுருக்க ஒரு யோசனை வந்ததும், எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருநூறு வருஷத்துக்கு முந்தி வாங்கிய கவுலுக்கே இந்தச் சோதனை!

நம்ம ஊருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற ஊர் நம்ம ஊர். சுற்றியுள்ள விவசாயிங்க விட்டுக்கொடுத்த நிலம்தான் நம்ம வீட்டு விளக்காக எரிகிறது. டவுன்ஷிப்பிலும், சுரங்க மண்ணைக் கொட்டிய மேடுகளிலும் மரம் நட்டோம். மைனாவும் செம்போத்தும் மீன்கொத்தியும் நம்மோடு குடியிருக்கின்றன. அவை நமக்குக் கிடைத்த இனாம் இல்லை. அந்த நிலத்துக்கு நாம் பட்டிருக்கிற கடன்.

அதனால் தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். துறையில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள. தினம் கால் மணி நேரம் வளாகத்தில் கண்ட பறவைகளைத் தேதியோடு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பக்கத்துக் கிராமத்துப் பெரியவரைக் கேளுங்கள், நரிக்குறவ அண்ணனைக் கேளுங்கள். அவர் சொல்கிற பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு ஒரு மரத்தை வெட்டவோ ஒரு குளத்தைத் தூர்க்கவோ யாராவது வந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் நீங்கள் பேசலாம். வேடந்தாங்கல்காரர்கள் கலெக்டரிடம் போனதும் அப்படித்தான், தங்கள் ஏரியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதல் நோட்டுக்கான செலவு என்னுடையது.