தங்கமீனுக்கு வந்த கட்டி

(பரிசளிப்பு விழாவில் அறிவியல் கழகப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. பள்ளிக்குப் பின்புறம் பிள்ளைகள் பராமரிக்கும் சின்ன சிமெண்டுக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள தங்கமீன் ஒன்றுக்கு முதுகில் பட்டாணி அளவு கட்டி வந்துவிட்டது. "சார், அத தூக்கி கால்வாய்ல போட்டுடலாமா? மத்த மீனுக்கும் ஒட்டிக்குமே" என்றான் ஒரு பையன். "பாவம் சார், ஏதாச்சும் மருந்து ஊத்துவோம்" என்றாள் ஒரு மாணவி. இருவருக்கும் நல்ல மனம்தான். ஆனால் அது என்ன கட்டி என்று பார்ப்பதற்கு முன்பே இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். மருந்துக்கும் தண்டனைக்கும் முன்னால் வரவேண்டியது கவனிப்பு. அதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, புடைப்பெல்லாம் நோயல்ல. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கமீனைப் பொறுக்கி எடுத்து வளர்த்து, பல வகைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். ஓரண்டா, சிங்கத்தலை போன்ற வகைகளுக்குத் தலையில் சதை கொத்தாக வளரும். அது அவற்றின் இயல்பு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். அது மாப்பிள்ளைக் கோலம். அதற்கு மருந்து வேண்டாம். ஆனால் உடம்பு, வால் எங்கும் உப்பைத் தூவியதுபோல் புள்ளி இருந்து, மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக் கொண்டால், அது வெண்புள்ளி நோய். அது விரைவாகப் பரவும். உடனே கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒட்டுண்ணி. தோலிலிருந்து நூல் போல ஒன்று தொங்கி, அதன் அடியில் சிவந்து வீங்கியிருந்தால் அது நங்கூரப் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. பெரியவர்கள் இடுக்கியால் அடியோடு பிடித்து எடுக்கலாம். ஆனாலும் அதன் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும். ஆகவே குளத்துக்கும் மருந்து தேவை. புது மீன் வாங்கினால் மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுக் குளத்தில் விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மூன்றாவது, சிவந்து புடைத்துப் பின் புண்ணாக உடையும் கட்டி. இது கிருமியால் வருவது. பெரும்பாலும் கெட்டுப்போன தண்ணீரே இதற்கு வழி திறந்துவிடுகிறது.

நான்காவது, வயிற்று வீக்கம். செதில்கள் அன்னாசிப் பழத்துத் தோல் போல விரிந்து நின்றால், உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் சிறுநீரகம் பெருத்திருக்கலாம். அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை.

ஐந்தாவது, மாதக்கணக்கில் மெதுவாக வளரும் கழலை. தங்கமீன் பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. வயதானவற்றில் இத்தகைய கழலைகள் காண்பதுண்டு. பெரும்பாலும் இவை மற்ற மீனுக்கு ஒட்டுவதில்லை. மீன் தின்கிறது, நீந்துகிறது என்றால் அதை அதன் போக்கில் விடலாம்.

நம் பள்ளி மீனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கழகப் பிள்ளைகள் திங்கட்கிழமை தோறும் மீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு எடுத்து, வெளியிலிருந்து அளவுகோல் வைத்து அளந்து, படம் வரைந்து, நோட்டில் எழுதினார்கள். எட்டு வாரத்தில் கட்டி அதிகம் வளரவில்லை. நிறமும் மாறவில்லை. மீன் முந்திக்கொண்டு வந்து தீனி தின்கிறது. வேறு மீனுக்கும் வரவில்லை. ஆகவே அது கழலையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி விட்டுவைத்திருக்கிறோம். அந்த நோட்டுக்குத்தான் இன்று கழகத்தின் முதல் பரிசு.

2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜார்ஜ் என்ற பத்து வயதுத் தங்கமீனுக்குத் தலையில் பெரிய கட்டி வந்தது. டிரிஸ்டன் ரிச் என்ற கால்நடை மருத்துவர் அதை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் வைத்து, அறுவை செய்து கட்டியை எடுத்தார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் பிளேடால் கீறுவது, மஞ்சள் பூசுவது, எண்ணெய் தடவுவது போன்ற கைவைத்தியம் மட்டும் கூடவே கூடாது.

நாம் செய்யக் கூடியது தண்ணீரைக் காப்பது. மீன் வெளியேற்றும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. வாரம் ஒரு முறை குளத்து நீரில் கால் பங்கை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் சொல்லுங்கள்: அங்கே கலக்கும் குளோரமின் அப்படி எளிதில் போகாது, கடையில் விற்கும் நீர் மருந்து வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவே தீனி போடுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர் வெயிலுக்குக் குளத்தின் மேல் நிழல் அவசியம். களைக்கொல்லி பம்பு கழுவிய வாளி குளத்துப் பக்கமே வரக்கூடாது.

நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டியில் வைத்து, லிட்டருக்கு 3 கிராம் வீதம், அதாவது 20 லிட்டருக்கு 60 கிராம் சாதாரண உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றலாம். இளைத்த மீனுக்கு அது தெம்பு தரும், கழலையைக் கரைக்காது. எந்த மீனையும் கால்வாயிலோ ஆற்றிலோ விடாதீர்கள். நோயும் அதோடு போகும்.

பெற்றோர்களே, இனி சொல்வது உங்களுக்கு. மீன் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இருக்கக்கூடும். கையில் கத்தி வெட்டோ, முள் குத்திய காயமோ இருந்தால் அதன் வழியே நுழைந்து, சில வாரம் கழித்து விரலிலோ கையிலோ ஆறாத கட்டியாக வரும். பால்மரம் வெட்டும் கைக்கும், செம்பனைக் குலை தூக்கும் கைக்கும் காயத்துக்கா பஞ்சம்? காயம் உள்ள கையைக் குளத்தில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்படிக் கட்டி வந்தால், "நான் மீன் வளர்க்கிறேன், டாக்டர்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் நோயைக் கண்டுபிடிக்க மாதக்கணக்காகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்மார்கள் தவறாக நினைக்கக் கூடாது. நம் நாட்டுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். கட்டி தெரிந்தும், "வலிக்கலியே", "ஒரு நாள் சம்பளம் போயிடுமே", "வெட்கமா இருக்கே" என்று சொல்லாமல் இருந்துவிட்டு, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பலர். வலிக்காத கட்டி என்பதால் அது ஆபத்தில்லாத கட்டி என்று ஆகிவிடாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. எது எது என்று சொல்லக்கூடியவர் டாக்டர் ஒருவரே. ஆண்களுக்கும் சொல்கிறேன்: வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள், வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் அம்மாவோ பாட்டியோ இப்படி எதையாவது மறைத்தால், "வாங்கம்மா, கிளினிக்குக்கு நானும் வர்றேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். பள்ளியில் படித்த அறிவியல் வீட்டுக்கு அப்படி வந்து சேரட்டும். பரிசு பெற்ற பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.