வாத்தியார் கொண்டுவந்த தீர்மானம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் தொழில்காரர் ஒருவரையே எடுத்துக்கொண்டேன். மயிலை சின்னத்தம்பி ராஜா, எம்.சி. ராஜா என்றால் தெரியும். சென்னையில் அவர் பெயரில் உள்ள மாணவர் விடுதியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1883இல் பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து அந்த அவைக்குப் போன முதல் உறுப்பினர் அவர்தான்.

அங்கே அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகப் படுவது 1922இல் நடந்தது. அரசு ஆவணங்களில் 'பஞ்சமர்', 'பறையர்' என்று எழுதுவதை நிறுத்தி, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்', தெலுங்குப் பகுதியில் 'ஆதிஆந்திரர்' என்று எழுத வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி, அவ்வாண்டே அரசாணையும் வந்தது. வயிற்றுக்கு வழியில்லாதபோது பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். வகுப்பறையில் நின்றவருக்கு அந்தச் சந்தேகம் வராது. பதிவேட்டில் இருக்கும் சொல்தான் உரக்கப் படிக்கப்படும். அதைக் கேட்டு மற்ற நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு அவர் பாதை நேராக இல்லை. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தில் கட்சித் தலைமை நடந்துகொண்ட விதம் பிடிக்காமல் 1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். மத்தியச் சட்டசபைக்குப் போனார். 1932இல் தனித்தொகுதியா, கூட்டுத்தொகுதியா என்ற கேள்வியில் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். இதில் அவர் கணக்குத் தப்பியது என்பதே என் கருத்து. உங்களில் சிலர் மறுப்பீர்கள். 1937இல் இடைக்கால அமைச்சரவையில் சில மாதங்கள் அமைச்சர். 1938இல் பொதுவிடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமானது. அடுத்துக் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவுக்கு ராஜாஜி அரசு ஆதரவு தரவில்லை, தோற்றது. 1943இல் காலமானார்.

நாம் பாடத்தில் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர்கள் அந்த 1922ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்காகவாவது ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

இன்னொன்று, நம் பள்ளிகளைப் பற்றி. ஆண்டுதோறும் உதவித்தொகைப் படிவம் வருகிறது. "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்லிக் கணக்கெடுப்பது இன்னமும் சில இடங்களில் நடக்கிறது. அந்த விவரம் எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்துப் பட்டியல் எடுத்துக்கொண்டு, பெற்றோரை மாலையில் தனியே வரவழைத்துக் கையெழுத்து வாங்கலாம். எங்கள் பள்ளியில் மூன்றாண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம். கூடுதலாக ஆவது அரை நாள் வேலை.