சருகுத் தீயும் குற்றவாளிக் கையும்
(கோவைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும் முன்னால் வெளியே பறையைத் தீயில் காய்ச்சினார்கள். சூடேறாமல் பறை பேசாது. எவ்வளவு சருகு, எவ்வளவு நேரம்னு அந்தக் கைக்குத் தெரியும். எந்தப் பள்ளிக்கூடமும் அதைக் கத்துக்கொடுக்கல. காட்டுக்கு அப்படித் தீ வைக்கத் தெரிந்த கைகளைப் பற்றித்தான் பேசப்போறேன்.

நம்ம சத்தியமங்கலம் மலையிலும், எல்லைக்கு அந்தப்பக்கம் பிளிகிரிரங்கன் மலையிலும் சோளகர் வாழ்கிறார்கள். பிளிகிரிரங்கன் மலையில் அவர்கள் வைத்த தீக்குப் பெயர் 'தரகு பெங்கி'. சருகுத் தீ என்று அர்த்தம். வெயில் முற்றுவதற்கு முன்பே, தை மாசியில், தரைச்சருகுக்கு மட்டும் வைப்பது. தீ தாழ ஓடும், மரமேறாது. புதுப்புல் முளைக்கும். நெல்லி மரத்தை உறிஞ்சுகிற புல்லுருவி அடங்கும். கோடையில் பெருந்தீ பிடிக்கச் சருகும் மிஞ்சாது.

இந்த அறிவுக்கு அரசு வைத்த பெயர் குற்றம். 1882 சென்னை வனச்சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைத் தடுத்தது. 1974இல் பிளிகிரிரங்கன் மலை சரணாலயமானது. தரகு பெங்கியும் நின்றது.

பிறகு என்னாச்சு? வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி காட்டை மூடியது. தீ நின்றது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனால் சருகுத் தீ இருந்தவரை அது அடங்கிக் கிடந்தது என்பது சோளகப் பெரியவர்கள் சொல்வது. இன்று அந்தப் புதரில் தீ பிடித்தால் மரத்தின் உச்சிவரை ஏறுகிறது. அதனால் இன்னைக்கே தீக்குச்சி கிழிக்கலாம்னு யாரும் கிளம்ப வேண்டாம். முதலில் புதரை வெட்டணும்.

வெட்டிய உண்ணிக்குச்சியை வளைத்து ஆளுயரத்துக்கு மேல் யானை செய்கிறார்கள் நீலகிரிப் பக்கத்துப் பணியரும் பெட்டக்குறும்பரும் சோளகரும். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காவில் நின்றன. ஊரே பார்த்து வியந்தது. கலை செய்தால் கைதட்டு, காட்டைப் பராமரித்தால் வழக்கு! இது என்ன நியாயமுங்க?

2006 வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உரிமை தருகிறது. 2011இல் பிளிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்கே சோளகர் சமூக வன உரிமையை வாங்கினார்கள். சத்தியமங்கலமும் 2013இலிருந்து புலிகள் காப்பகம்தான். எங்கே, எப்போது, எவ்வளவு எரிப்பது என்பதைக் கிராமசபை முடிவு செய்யட்டும். அதுவே நம் கோரிக்கை.

மாணவத் தோழர்கள் மலைக்குப் போங்க. பரிதாபப்பட அல்ல, கேட்டுக் கத்துக்க. அந்தத் தீயைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. நெடுநாள் இருக்காது.