பழைய மரத்தில் ஒரு தச்சு மேடை



உத்தியோக நிமித்தமாகப் பிறந்த ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மில் பலருக்கு வீடு என்பது வாடகை வீடு. சாமான் என்பது மாற்றல் உத்தரவு வந்ததும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புறப்பட வேண்டிய பொருள். ஆகவே, நாற்காலியின் கால் ஆடினால் ஆளைத் தேடி ஓடுகிறோம். அல்லது அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறோம். நம் பிள்ளைகளில் பலர் இழைப்புளியைக் கையால் தொட்டதே இல்லை. இந்நிலையை மாற்ற விரும்புவோர் முதலில் செய்துகொள்ள வேண்டியது தச்சு மேடை ஒன்று. பழைய மரத்தைக் கொண்டு, குறைந்த செலவில், வேண்டும்போது கழற்றி எடுத்துச் செல்லும் வகையில் அதை அமைப்பது எவ்வாறு என்று இன்று ஆராய்வோம்.

மேடை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுத் தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலாலேயே பற்றிக்கொண்டு வேலை செய்வதை நாம் கண்டிருக்கிறோம். அது இளமை முதல் பழகிய உடலுக்குக் கைவந்த வித்தை. நாற்காலியில் அமர்ந்தே பழகி, நடுவயதில் உளியை எடுக்கும் நாம் அவ்வாறு செய்யப் புகுந்தால் இடுப்பு நோகும். காலிலும் காயம் படும். மரம் அசையாமல் நின்றால்தான் வாள் நேராகச் செல்லும். அதை அசையாமல் நிறுத்துவதே மேடையின் வேலை.

இனி, மரத்தைத் தேடுவோம். தில்லியை எடுத்துக்கொண்டால், கீர்த்தி நகரில் மரக்கடைகள் பல உண்டு. அவற்றைவிட மலிவாக, பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் கதவு நிலைகளும் உத்தரங்களும் பலகைகளும் கிடைக்கும். வாங்குவோர் இல்லையேல் அவற்றில் பல அடுப்புக்கே போய்விடும். கேட்கும்போது அவ்வூர்ப் பெயரால் கேட்க வேண்டும். தேக்குக்கு அங்கே 'சாகவான்' என்று பெயர். குங்கிலிய மரம் 'சால்'. கதவு நிலை 'சௌக்கட்'. மேடைக்குத் தேக்கு வேண்டியதில்லை. காலுக்குக் கனமான சால் மரமும், மேற்பலகைக்குத் தேவதாருவோ பைனோ போதும். ஒரு பழைய நிலையின் இரு நெடுஞ்சட்டங்களில் மேடையின் நான்கு கால்களும் கிடைத்துவிடும்.

மலிவு என்பதற்காக எல்லா மரத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. ரயில் பாதையின் பழைய மரக்கட்டைகளில் கிரியோசோட் என்னும் நச்செண்ணெய் ஊறியிருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். அயல்நாட்டுச் சரக்கு வரும் மரத்தட்டுகளில் கோதுமைக் கதிர் முத்திரை ஒன்று இருக்கும். அதனருகே 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தது என்று பொருள்; அதைக் கொள்ளலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டியது, விட்டுவிடுவதே நன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது பழைய வர்ணம். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒரு மேசைக்காக நம் குழந்தையைப் பணயம் வைக்கலாமா? வர்ணம் பூசாத மரத்தையே தேர்ந்துகொள்வோம்.

வாங்கிய மரத்தைத் தட்டிப் பார்த்து, மாவு உதிர்ந்தால் வண்டு இருக்கிறது என்று ஒதுக்க வேண்டும். பிறகு காந்தத்தை மேலே நகர்த்தி, மறைந்திருக்கும் ஆணிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்க வேண்டும். ஓர் ஆணி போதும், வாளின் பற்களைக் கெடுக்க. அதன்பின் இரண்டு மூன்று வாரம் அறைக்குள்ளேயே கிடக்கட்டும்; அவ்விடத்துக் காற்றின் ஈரத்துக்கு மரம் இசைந்துவிடும்.

அமைப்பு முறைக்கு வருவோம். பீட்டர் நிக்கல்சன் என்பவர் 1812-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஆங்கிலேய மேடையே மெல்லிய பலகைக்கு ஏற்றது. அதன் சூட்சுமம், முன்னும் பின்னும் செங்குத்தாக நிற்கும் அகன்ற பக்கப் பலகைகளில் இருக்கிறது. பலகையின் நிற்கும் உயரம் இரு மடங்கானால் வளையாமல் தாங்கும் தன்மை எட்டு மடங்காகும். ஆகவே 25 சென்டிமீட்டர் அகலப் பலகையை நிறுத்தி வைத்தால், தடித்த உத்தரம் செய்யும் வேலையை அது செய்துவிடும்.

நீளம் 150 சென்டிமீட்டர், அகலம் 55 போதும். உயரத்துக்கு அளவு நம் உடலே: கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுவே மேடையின் உயரம். பெரும்பாலோர்க்கு அது 80 சென்டிமீட்டரை ஒட்டி வரும்.

இரண்டிரண்டு கால்களை மேலும் கீழும் குறுக்குச் சட்டம் கொடுத்து, பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்திப் பசையும் திருகாணியும் இட்டால் இரு கால்கூடுகள் ஆகும். பக்கப் பலகைகளை இக்கூடுகளோடு, காலுக்கு இரண்டாக எட்டுப் போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். இங்கே பசை கூடாது. போல்ட்டின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்கட்டும். நடுவிலும் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, 4 சென்டிமீட்டர் தடிப்புள்ள மேற்பலகைகளைத் திருகாணியால் பிணைக்கலாம். மழைக்காலத்தில் மரம் அகலவாட்டில் பருக்குமாதலால் பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளி விடுவது அவசியம்.

விலையுயர்ந்த இரும்புப் பற்றுக்கருவி உடனே வேண்டியதில்லை. வலக்கைக்காரர் மேடையின் இடது கோடியில் துளையிட்டுக் கடின மரமுளை ஒன்றைச் செருகினால், இழைக்கும்போது மரம் அதில் முட்டி நிற்கும். முன்பலகையில் வரிசையாகத் துளைகள் இட்டு முளை செருகினால், நீண்ட பலகையையும் நிறுத்தி வைத்து இழைக்கலாம்.

மாற்றல் வந்தால் என் செய்வது? போல்ட்டுகளையும் திருகாணிகளையும் கழற்றினால் இரு கூடுகளும் சில பலகைகளுமாக மேடை லாரியின் ஓரத்தில் அடங்கிவிடும். புது ஊரில், அரிசிப் பானைக்கு அடுத்தபடியாக, அதையும் பூட்டி நிறுத்திவிடலாம். நாமே செய்த பொருளை விற்றுவிட்டுப் போக நமக்கு மனம் வராது. விற்க வேண்டிய அவசியமும் இராது. அதன்மேல் முதலில் ஆடும் நாற்காலியைப் பழுது பார்ப்போம். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளையின் கையில் இழைப்புளியைக் கொடுப்போம்.