மூலிகைச் சுவடியில் மருந்து எங்கே இருக்கிறது?

நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

இடைக்கால மருத்துவச் சுவடிகளால் இன்றைய மருத்துவத்துக்குப் பயன் உண்டா என்பது இந்த அவைக்குப் பழகிய கேள்வி. உண்டு என்னும் நண்பர்களும் ஒரே வழியைத்தான் சொல்கிறார்கள்: செடிப் பெயர்களைப் பொறுக்கு, பட்டியலிடு, வேதிப்பொருளைப் பிரித்தெடு. செய்முறை அவர்களுக்குச் சக்கை. கருத்தரங்குகளில் இதை மறுக்க எழுந்தால் ஐந்து நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை. மருந்தின் ஆற்றல் பெரும்பாலும் செய்முறையில் இருக்கிறது என்பது என் கட்சி.

2. பால்டின் கண்மருந்து

பிரிட்டிஷ் நூலகத்தில் 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் எழுதிய அந்நூலைப் பால்டின் மருத்துவ நூல் என்பார்கள். அதில் கண்கட்டிக்கு ஒரு மருந்து. பூண்டையும் வெங்காய இனத்துச் செடி ஒன்றையும் சம அளவு சேர்த்து நன்றாக இடி. திராட்சை மதுவும் மாட்டுப் பித்தநீரும் சம அளவு கல. பித்தளைக் கலத்தில் ஒன்பது இரவு வை. துணியில் வடிகட்டிக் கொம்பில் அடை. இரவில் இறகால் கண்ணில் தடவு.

2005இல் ஓர் அமெரிக்கக் குழு இதைச் சோதித்து, கிருமிகளிடம் பலன் இல்லை என்று எழுதியது. செய்முறை சக்கை என்ற நண்பர்கள் கைதட்டினார்கள். 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலாளர் ஃபிரேயா ஹாரிசனும் பழைய ஆங்கிலம் அறிந்த கிறிஸ்டினா லீயும் கூடி மறுபடி செய்தார்கள். அந்த வெங்காய இனத்துச் செடி எது என்ற ஐயம் இருந்ததால் வெங்காயம் போட்டு ஒன்று, லீக் போட்டு ஒன்று என இரு வகை. ஒன்பது நாளும் காத்திருந்தார்கள். மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, எலிப் புண்ணின் திசுவில் பெருமளவு மடிந்தது.

‘பித்தளைக் கலத்திலா வைத்தார்கள்? கண்ணாடிப் புட்டியில் பித்தளைத் துண்டைத்தானே போட்டார்கள்’ என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். ஆனால் உலோகத்தை விடாமல் சேர்த்தார்களே! அந்த அக்கறையைத்தான் கேட்கிறேன்.

என் வழக்குக்கு வலுவான சான்று, இதே மருந்தைப் பற்றி 2020இல் வந்த ஆய்வு. தனித்து மிதக்கும் கிருமிகளைக் கொல்லப் பூண்டின் அல்லிசின் போதும். படலமாக ஒட்டி வாழும் கிருமிகளிடம் அது மட்டும் எடுபடவில்லை. எல்லாப் பொருளும் சேர வேண்டியிருந்தது. ஆறாத புண்களில் தொல்லை தருவது இந்தப் படலம்தான். பூண்டை மட்டும் பட்டியலில் எழுதிக்கொண்டவர் இதை எப்படிக் கண்டிருப்பார்?

3. எதிர்த்தரப்புச் சாட்சி

நண்பர்கள் மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைக் காட்டுவார்கள்: ஒரு செடி, ஒரு மூலக்கூறு. அதைக் கண்டுபிடித்த சீன ஆய்வாளர் து யூயூவின் குழுவுக்குச் செடி முன்பே தெரியும். சாறுதான் நிலையான பலன் தரவில்லை. 4ஆம் நூற்றாண்டின் கோ ஹோங், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைப் பார்த்த பிறகே து யூயூ சூட்டைத் தவிர்த்து, ஈதரில் வடித்தார். சாட்சி என் பக்கம்.

4. எஞ்சியவை

பால்டின் நூல் உள்ள அதே சுவடியில், குட்டிப்பேய்கள் தருவதாக நம்பிய நோய்க்கும் மருந்து உண்டு. நம்பச் சொல்லவில்லை, எழுதியபடி சோதிக்கச் சொல்கிறேன். கண்மருந்தும் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை: கலம், கால அளவு, சேர்க்கும் வரிசை ஆகியவற்றுக்குத் தனி அகராதி. தோல்வியுற்ற சோதனைகளையும் அச்சிடுதல். நம் சித்த மருத்துவ ஓலைச்சுவடிப் பதிப்புகளில் சாமக் கணக்குக்கும் புடம் போட எரிக்கும் எருக் கணக்குக்கும் அட்டவணை. அரபு, லத்தீன் சுவடிகளோடு ஒப்பீடு. இந்த ஒப்பீட்டை இளைஞர் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.